பத்து வெள்ளிக்கு ஒரு நியாயம், பல கோடிக்கு ஒரு நியாயம்

வங்கிக் கவுண்டரில் வேலை பார்த்தவர்களுக்குச் சில பழக்கங்கள் உண்டு. பணி ஓய்வு பெற்றாலும் அவை போகாது. கடையில் மீதிச் சில்லறை வாங்கினால் இரண்டு முறை எண்ணுவோம். கோவில் உண்டியல் எண்ணக் கூப்பிட்டால் முதல் ஆளாகப் போய் உட்காருவோம். நோட்டுகளில் பேரரசர் முகம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்காமல் கை நிற்காது.

பேராக்கில் ஒரு சின்னப் பட்டணத்தில், இன்று பெயர்ப் பலகையே இல்லாத ஒரு வங்கியில், 1981இல் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரத்தில் மூத்த காசாளர் அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது வட்டிக் கணக்கு அல்ல. "சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது பத்து வெள்ளி குறைஞ்சாலும் வீட்டுக்குப் போக முடியாதும்மா" என்றார். அது உண்மைதான். கதவைச் சாத்திவிட்டு, அன்றைய துண்டுச் சீட்டுகளை எல்லாம் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மேசைக்கு அடியில் தேடுவோம். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தவர் கைக்காசைப் போட்டு நிரப்ப வேண்டும். அவருடைய பெயர், தேதி, குறைந்த தொகை மூன்றும் ஒரு தடித்த புத்தகத்தில் ஏறும். எங்கள் கிளையில் இதுதான் வழக்கம்.

அந்தப் புத்தகத்தின் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஊரார் காசைத் தொடுகிறவர்களுக்கு அந்தப் பயம் வேண்டும். ஆனால் நாங்கள் பத்து வெள்ளிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்த நாட்டு வங்கிகளிலிருந்து நூற்றுக்கணக்கான கோடி வெள்ளி காணாமல் போனது. அந்தத் தொகைக்கு எந்தப் புத்தகத்தில் யார் பெயரை எழுதினார்கள்? வேலையில் இருந்த 29 ஆண்டுகளும் இந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

ஹாங்காங்கில் தொலைந்த பணம்

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் ஊரெல்லாம் பேசிய பெயர் பி.எம்.எப். பூமிபுத்ரா வங்கியின் ஹாங்காங் துணை நிறுவனம் அது. பூமிபுத்ராக்களின் பொருளாதார முன்னேற்றத்துக்காக 1965இல் தொடங்கப்பட்ட வங்கி, ஹாங்காங்கில் கேரியன் என்ற குழுமத்துக்கு அள்ளி அள்ளிக் கடன் கொடுத்தது. கேரியனின் தலைவர் ஜார்ஜ் டான். 1980இல் கேமன் ஹவுஸ் என்ற கட்டடத்தை வாங்கி, சில மாதங்களிலேயே பெரும் இலாபத்துக்கு விற்றதாக அறிவித்துப் பெயர் வாங்கிய மனிதர். 1982இல் ஹாங்காங் நில விலை சரிந்தது. 1983இல் கேரியன் விழுந்தது. மலேசியாவுக்கு ஏற்பட்ட நட்டம் ஏறக்குறைய 250 கோடி வெள்ளி.

அந்தக் கணக்குகளைப் பார்க்கத் தாய் வங்கி ஓர் அதிகாரியை ஹாங்காங்குக்கு அனுப்பியிருந்தது. பெயர் ஜலில் இப்ராஹிம். 1983 ஜூலையில் அவர் கொலை செய்யப்பட்டார். உடல் ஒரு வாழைத் தோப்பில் கண்டெடுக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கிளையில் யாரும் உரக்கப் பேசவில்லை. கணக்குப் பார்ப்பதும், கேள்வி கேட்பதும், கையெழுத்துப் போட மறுப்பதும் எங்களைப் போன்றவர்கள் தினமும் செய்யும் வேலை. அதற்காக ஒருவர் உயிரை விடுவார் என்று நாங்கள் நினைத்ததில்லை.

வங்கியைக் காப்பாற்ற 1984இல் பெட்ரோனாஸ் வந்தது. வங்கியின் பங்குகளை வாங்கியது, வாராக் கடன்களைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. பெட்ரோனாஸ் பணம் கடலுக்கு அடியிலிருந்து வரும் எண்ணெய்ப் பணம். அது நாட்டுப் பணம். 1989இல் அதே வங்கி மீண்டும் தடுமாற, பெட்ரோனாஸ் இன்னும் ஏறக்குறைய 100 கோடி வெள்ளி கொடுத்தது. 1998 நெருக்கடியில் மூன்றாவது முறையும் கை தூக்கிவிட வேண்டி வந்தது. மறு ஆண்டு பேங்க் ஆப் காமர்ஸுடன் இணைந்ததோடு அந்தப் பெயர்ப் பலகை இறங்கியது.

பொறுப்பு என்ன ஆயிற்று? பூமிபுத்ரா வங்கி தலைமைக் கணக்காய்வாளர் அகமட் நூர்டின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அந்தக் குழு தயங்காமல் வேலை செய்தது. அதன் அறிக்கை 1986இல் வெளிவந்தது. பி.எம்.எப். தலைவராக இருந்த லோரேய்ன் ஒஸ்மான் 1985இல் லண்டனில் கைதானார். ஹாங்காங்குக்கு அனுப்பக் கூடாது என்று ஏழு ஆண்டுகள் வழக்காடி, 1993இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை ஓராண்டு. ஜார்ஜ் டானுக்கு 1996இல் மூன்றாண்டு. இருவருக்கும் தண்டனை கொடுத்தது ஹாங்காங் நீதிமன்றம். பணத்தை இழந்தது நாம், வழக்கை நடத்தியது அவர்கள்.

நம்மவர் வங்கியும் தப்பவில்லை

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், நமக்கென்ன என்று அப்போது நம்மில் பலர் இருந்துவிட்டோம். ஆனால் 1980களின் நடுவில் பொருளாதாரம் மந்தமானபோது ஆட்டம் கண்ட வங்கிகளில் ஒன்று யுனைடெட் ஏசியன் பேங்க். இளம் வாசகர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், இந்தியன் பேங்க், யுனைடெட் கமர்ஷியல் பேங்க் ஆகிய மூன்று இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் சேர்ந்து உருவான வங்கி அது. 1969இல் இந்திரா காந்தி அரசு அந்த மூன்றையும் நாட்டுடைமை ஆக்கியது. அந்நிய அரசாங்கத்துக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்க முடியாது என்று மலேசியச் சட்டம் சொன்னது. ஆகவே 1970களின் தொடக்கத்தில் இங்கிருந்த கிளைகள் ஒரே உள்ளூர் வங்கியாயின.

அதன் வேர் இன்னும் ஆழமானது. இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியது. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நம் தாத்தாக்கள் நம்பிக் காசு போட்ட இடம். அந்தப் பரம்பரையில் வந்த வங்கியையும் பேங்க் நெகாரா தலையிட்டுத்தான் நிமிர்த்த வேண்டி வந்தது. 1991இல் அது பேங்க் ஆப் காமர்ஸோடு இணைந்தது. எட்டு ஆண்டு கழித்து பூமிபுத்ரா வங்கியும் வந்து சேர்ந்தது அதே குடும்பத்தில்தான். இன்று நாம் சி.ஐ.எம்.பி. என்று அழைக்கும் வங்கி அந்தக் குடும்பத்தின் வாரிசு. ஒரே சிவப்புப் பலகைக்குப் பின்னால் காப்பாற்றப்பட்ட இரண்டு வங்கிகளின் கதை இருக்கிறது. பலகை மாறியதும் கதை மறந்துபோகிறது. இப்போது அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் மீது நான் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் அன்று பிறந்தே இருக்க மாட்டார்கள்.

அதே 1986இல் வைப்புத்தொகை வாங்கிவந்த 24 கூட்டுறவுச் சங்கங்களைப் பேங்க் நெகாரா முடக்கியது. உறுப்பினர்கள் பெரும்பாலும் சீனச் சமூகத்தின் சிறு வியாபாரிகள், கைத்தொழிலாளர்கள், வீட்டுப் பெண்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 150 கோடி வெள்ளி அளவிலான சேமிப்பு சிக்கிக்கொண்டது. எங்கள் கிளைக்கு எதிரே மீ விற்கும் சீனப் பாட்டி சேமிப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி, அதைப் பார்க்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய வங்கிக்கு எண்ணெய்ப் பணம் வந்தது. அந்தப் பாட்டி தன் காசுக்காகக் காத்திருந்தார், கூட்டங்களுக்குப் போனார், தவணை தவணையாக வாங்கிக்கொண்டார். அந்த வழக்குகளில் சில இயக்குநர்களாவது நீதிமன்றப் படி ஏறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

"கவர்மெண்டு எங்கேயிருந்து கொடுக்கும்?"

1997 ஜூலையில் தாய்லாந்து பாட் சரிந்தது. அடுத்த ஜனவரியில் ஒரு டாலருக்கு 4.88 வெள்ளி வரை நம் பணம் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் வங்கிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கடன் கொடுத்திருந்தன. நிலம் வாங்கக் கடன், பங்கு வாங்கக் கடன், அந்தப் பங்கையே அடகு வைத்து இன்னொரு கடன். பங்குச் சந்தை இறங்கியதும் அடகுப் பொருளின் மதிப்பு கரைந்தது. வட்டி ஏறியது. 1998 நடுவில் அடிப்படைக் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது.

ஜனவரியில் எந்த வங்கி விழும், எந்த பைனான்ஸ் கம்பெனி விழும் என்று வதந்தி பறந்தது. எல்லா வைப்புத்தொகைக்கும் அரசாங்கமே உத்தரவாதம் என்று அறிவித்த பிறகும் எங்கள் கிளையில் வரிசை குறையவில்லை. வரிசையில் ஒரு தாத்தா வந்தார். தோட்டம் கைமாறியபோது கிடைத்த நட்ட ஈட்டைத்தான் எங்களிடம் நிரந்தர வைப்பில் போட்டிருந்தார்.

"ஆயி, என் காசு இருக்கா, ஓடிப்போச்சா?"

"இருக்கு தாத்தா. கவர்மெண்டே கேரண்டி கொடுத்திருக்கு."

"கவர்மெண்டு எங்கேயிருந்து கொடுக்கும்?"

"வரிப்பணம் இருக்கு, எண்ணெய்ப் பணம் இருக்கு தாத்தா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப என் காசு போனா, என் காசையே எடுத்து எனக்குக் கொடுப்பாங்க. அப்படித்தானே?"

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். தாத்தா தைப்பூசச் செலவுக்கு 200 வெள்ளி மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டுப் போனார். வங்கி மீட்பு என்றால் என்ன என்று பிறகு எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

ஐம்பது லட்சத்துக்கு மேல் ஒரு வாசல்

1998இல் அரசாங்கம் மூன்று அமைப்புகளை உருவாக்கியது. வங்கிகளிடமிருந்து வாராக் கடன்களை வாங்க டனாஹர்த்தா. மூலதனம் கரைந்த வங்கிகளுக்குப் பணம் போட டனாமோடல். பெரிய நிறுவனங்களையும் வங்கிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கடனைச் சீரமைக்க ஒரு குழு.

இவை நன்றாகவே வேலை செய்தன. டனாஹர்த்தா ஏறக்குறைய 4,770 கோடி வெள்ளி வாராக் கடனைக் கையாண்டது. கடன்களை முழு விலைக்கு வாங்கவில்லை, சராசரியாகப் பாதிக்கும் குறைந்த விலைக்குத்தான் வாங்கியது. அந்த நட்டத்தை வங்கிகள் தாங்க வேண்டியிருந்தது. கடன்காரக் கம்பெனிகளுக்குத் தனி நிர்வாகியை நியமிக்கும் அதிகாரமும் அதற்கு இருந்தது. 2005இல் கடையை மூடும்போது சுமார் 58 விழுக்காட்டை வசூலித்திருந்தது. டனாமோடல் பத்து நிதி நிறுவனங்களில் 760 கோடி வெள்ளிக்கு அருகில் போட்டது. மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் இது தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய கணக்கு.

ஆனால் அந்த வாசல்களின் உயரத்தைப் பாருங்கள். டனாஹர்த்தா வாங்கியது 50 லட்சம் வெள்ளிக்கு மேற்பட்ட கடன்களை. சீரமைப்புக் குழுவின் மேசையில் உட்கார, கடன் 5 கோடி வெள்ளியாவது இருக்க வேண்டும். நிர்வாகக் காரணம் எனக்குப் புரிகிறது. லட்சக்கணக்கான சின்னக் கடன்களை ஒரே அலுவலகம் பார்க்க முடியாது. சிறு தொழில்களுக்கென்று பேங்க் நெகாரா தனி நிதி ஒதுக்கியதும் உண்மை. என்றாலும் கீழே இருப்பவனுக்கு இது எப்படித் தெரிந்தது?

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சின்ன லோரி ஒன்றைத் தவணைக்கு எடுத்து, வீடமைப்புத் தளங்களுக்கு மணலும் சிமெண்டும் ஏற்றினார். 1998இல் தளங்கள் நின்றன. மேம்பாட்டாளர் அவருக்கு நான்கு மாத வாடகை பாக்கி வைத்தார். அண்ணனால் இரண்டு மாதத் தவணை கட்ட முடியவில்லை. நோட்டீஸ் வந்தது. 21 நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோரியை இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் லோரி ஏலத்தில் போன விலைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டு லாயர் லெட்டர் வந்தது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட அவர் மச்சானுக்கும் ஒரு நகல்.

அந்த மேம்பாட்டாளரின் கடன் டனாஹர்த்தாவுக்குப் போனது. அவருக்கு ஆலோசகர்கள் வந்தார்கள், அவகாசம் கிடைத்தது, வட்டி மறுபரிசீலனை ஆனது. பாதிக் கட்டடங்கள் பின்னர் முடிந்து ஆட்களும் குடியேறினார்கள். நாட்டுக்கு அது நல்லதே. அண்ணன் மட்டும் பாதுகாவலர் வேலைக்குப் போய், ஐந்து ஆண்டுகள் லாயர் லெட்டருக்குப் பணம் கட்டினார். தன் கடனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தார். அதனால் பொறுப்பும் அவரைத் தேடி வந்துவிட்டது.

எல்லாரும் பொறுப்பு என்றால்?

வங்கிகளை விழ விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கவுண்டரில் உட்கார்ந்தவள் என்ற முறையில் என் பதில், கூடாது. ஒரு வங்கி விழுந்தால் பக்கத்து வங்கியிலும் வரிசை நிற்கும். முதலில் காசை எடுப்பவர் விவரம் தெரிந்த பணக்காரர். கடைசியில் வந்து வெறுங்கையோடு நிற்பவர் தோட்டத்துத் தாத்தா. சம்பளம் போடக் கம்பெனிகளுக்கும் பணம் இருக்காது. வீடு எரியும்போது யார் நெருப்பு வைத்தது என்று கேட்டுக்கொண்டு தண்ணீரைக் கையில் வைத்திருக்க முடியாது.

நெருப்பு அணைந்த பிறகு கேட்கலாம் அல்லவா? அந்த இடத்தில்தான் நாம் தவறுகிறோம். அப்போது ஒரு பதில் தயாராக இருக்கும். உலகச் சந்தை காரணம், ஊக வணிகர்கள் காரணம், கடன் வாங்கியவர், கொடுத்தவர், கணக்காய்வாளர், மேற்பார்வை பார்த்தவர், அதிக வட்டிக்கு ஆசைப்பட்ட மக்கள், எல்லாருமே காரணம் என்பார்கள். பொய் இல்லை. ஆனால் எங்கள் கிளைப் புத்தகத்தில் "எல்லாரும்" என்று எழுத இடம் கிடையாது. கடன் மனுவிலும் அப்படித்தான். பரிந்துரைத்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், அனுமதித்தவர்கள் இன்னார் என்று கையெழுத்துகள் இருக்கின்றன. பெரிய கடனுக்குக் கையெழுத்துகள் அதிகமே தவிரக் குறைவு இல்லை. பெயர்கள் காகிதத்தில் இருக்கின்றன. எடுத்துப் படிப்பதற்குத்தான் ஆள் இல்லை.

படித்துக் காட்டிய நாடு ஒன்று உண்டு. ஐஸ்லாந்து. 2008 அக்டோபரில் அதன் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. நம் ஈப்போ நகரத்தைவிட மக்கள் தொகை குறைந்த நாடு அது. நாடாளுமன்றம் ஒரு சிறப்பு விசாரணை ஆணையத்தை அமைத்தது. 2010இல் ஆணையம் இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை வெளியிட்டது. தலைநகரின் நாடக அரங்கில் நடிகர்கள் மாறி மாறி, இரவும் பகலுமாக, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மக்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். தனி வழக்கறிஞர் நியமிக்கப்பட்டார். வங்கித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். முன்னாள் பிரதமரே விசாரணைக் கூண்டில் நின்றார். ஒரு குற்றச்சாட்டில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது, தண்டனை விதிக்கப்படவில்லை. போன பணம் இதனால் எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் யார், எப்போது, எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று அந்த ஊர் மீனவருக்கும் தெரியும்.

நாமும் அன்று இருந்த இடத்தில் இல்லை. 2005இல் பி.ஐ.டி.எம். வந்தது. வங்கிக் கிளையின் கதவில் அதன் அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். ஓர் உறுப்பு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்பு. அதற்கான கட்டணத்தை வங்கிகள் முன்கூட்டியே செலுத்துகின்றன. தாத்தாவின் கேள்விக்கு இது பாதிப் பதில். அவர் காசை எடுத்து அவருக்கே கொடுக்கும் நிலை கொஞ்சம் விலகியிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டம் வங்கி இயக்குநர்களின் கடமைகளைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

மறுபாதிப் பதில் நம்மிடம் இருக்கிறது. ஏதாவது ஒரு நிறுவனத்தை அரசாங்கம் காப்பாற்றுகிறது என்று நாளிதழில் படித்தால், எத்தனை கோடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கடனுக்கு அனுமதி கொடுத்தவர்கள் இன்று எந்தப் பதவியில் இருக்கிறார்கள், விசாரணை அறிக்கை எப்போது வெளிவரும் என்றும் கேளுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் தீபாவளிப் பொது உபசரிப்புக்கு வரும்போது முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்கலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது. ஏழரை மணி வரை உட்கார்ந்து பத்து வெள்ளியைத் தேடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாங்கிய கணக்கை மேல்மாடியிலும் வாங்கச் சொல்கிறோம், அவ்வளவுதான்.